சத்தம் நின்றால் பழுது நீங்கியதாகுமா?

(வெள்ளி விழாவையொட்டி, மோட்டார்த் தொழில் பயிலும் இளைஞர்களிடையே ஆற்றிய உரை)

 

கல்வியின் பெருமையை எனக்கு முன் பேசியவர்கள் நிறைவாகவே எடுத்துரைத்துவிட்டார்கள். அதனையே நானும் திரும்பக் கூறுவதால் பயனில்லை. என் எதிரே, மோட்டார்ப் பட்டறைகளில் வேலை பழகும் பிள்ளைகள் பலர் அமர்ந்திருக்கிறார்கள். ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் பிரிவில் பயில்பவர்களும் இருக்கிறார்கள். ஆதலின், ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அதனைத் தொடக்கம் முதல் முடிவு வரை உங்களோடு பேச விரும்புகிறேன். வேலை மிகச் சிறியது. பழைய பிக்கப் வண்டி ஒன்றின் முன்புறத்தில் தேய்ந்துபோன ரப்பர் புஷ்களை நீக்கிவிட்டுப் புதியவற்றைப் பொருத்துவதுதான் அந்த வேலை.

‘வெள்ளி விழா மேடையில் பேச வேறு பொருள் கிடைக்கவில்லையா?’ என்று சிலர் நினைக்கக்கூடும். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

பல ஆண்டுகள் ஓடித் தேய்ந்த பிக்கப் ஒன்று பட்டறைக்கு வருகிறது. “முன்பக்கம் டக் டக்கென்று அடிக்கிறது, தம்பி, பார்த்துச் சரிசெய்து கொடு” என்கிறார் வண்டிக்காரர். அந்தச் சத்தத்தை நிறுத்த மூன்று வழிகள் உண்டு. பழைய ட்யூபை வெட்டித் தண்டைச் சுற்றி அடைத்து, கிளாம்பை இறுக்கிவிடுவது ஒரு வழி. தண்டையே கழற்றி ஓரமாகப் போட்டுவிடுவது மற்றொரு வழி. அளவறிந்து புதிய புஷ் வாங்கி, முறைப்படி பொருத்துவது மூன்றாவது வழி. மூன்று வழியிலும் சத்தம் நின்றுவிடும். மூன்று வண்டிகளும் ஒரே அமைதியோடு பட்டறையை விட்டு வெளியேறும். ஆனால் அவற்றுள் பழுது நீங்கிய வண்டி ஒன்றே ஒன்றுதான். அது எது என்பது பணம் கொடுத்தவருக்குத் தெரியாது. சாலையில் எதிரே வருகிறவருக்கும் தெரியாது. வேலை செய்தவனுக்கு மட்டுமே தெரியும். அவனுக்கும், காரணம் அறிந்து வேலை செய்திருந்தால்தான் தெரியும். இதனை உங்கள் உள்ளத்தில் பதிய வைக்கவே இந்தச் சிறிய வேலையைப் பேச எடுத்துக்கொண்டேன்.

தண்டு செய்யும் பணி

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பட்டறைகளில் இதனை ஸ்டெபிலைசர் பார் என்பார்கள். ஆன்ட்டி ரோல் பார் என்றும், அமெரிக்கர் வழக்கில் ஸ்வே பார் என்றும் இதற்குப் பெயர்கள் உண்டு. எல்லாம் ஒன்றே. வண்டி ஒருபக்கமாகச் சாய்வதைக் கட்டுப்படுத்துவதால், இதனைச் சமநிலைத் தண்டு என்று நாம் அழைக்கலாம். கனடா நாட்டின் பிரெடெரிக்டன் நகரைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் என்பவர் இத்தகைய தண்டுக்கு 1919ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். நூறாண்டுகளைக் கடந்த பின்னும் இதன் அடிப்படை மாறவில்லை.

வண்டியின் முன்புறத்தில் குனிந்து பாருங்கள். ஸ்பிரிங் எஃகினால் ஆன உருண்டைத் தண்டு ஒன்று, ‘ப’ வடிவில் வளைக்கப்பட்டு, வண்டியின் அகலத்துக்குக் குறுக்கே செல்வதைக் காண்பீர்கள். அதன் இரு முனைகளும், இடச் சக்கரத்தையும் வலச் சக்கரத்தையும் தாங்கும் கீழ்க் கைகளோடு லிங்க் எனப்படும் இணைப்புகளால் சேர்க்கப்பட்டிருக்கும். அதன் நடுப்பகுதியை, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ரப்பர் புஷ்கள் அணைத்துப் பிடித்திருக்கும். புஷ்களின் மேல் இரும்புக் கிளாம்புகள் அமர்ந்து, சேசிஸோடு போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும். வண்டிக்கு வண்டி இவ்வமைப்பில் வேறுபாடுகள் உண்டு. முன்புறம் பட்டை ஸ்பிரிங் கொண்ட வண்டிகள் சிலவற்றில் இத்தண்டு இருப்பதில்லை. வேறு சிலவற்றில் பின்புறத்திலும் இருக்கும். ஆதலின், எதையும் கழற்றுமுன் கண்ணால் காண்பதே முதற்பாடம்.

இத்தண்டு வண்டியின் எடையைத் தாங்குவதில்லை. எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அப்படியாயின் இதற்கு என்ன வேலை? இரு சக்கரங்களும் ஒரே நேரத்தில் ஒரு மேட்டில் ஏறும்போது, தண்டு தன் புஷ்களுக்குள் சற்றே சுழலும், வேறொன்றும் செய்யாது. ஆனால் வண்டி வளைவில் திரும்பும்போது உடற்பகுதி வெளிப்புறமாகச் சாய்கிறது. வெளிப்பக்க ஸ்பிரிங் அமுங்குகிறது. உட்பக்க ஸ்பிரிங் நீள்கிறது. அப்போது தண்டின் ஒரு முனை மேலேயும் மறுமுனை கீழேயும் இழுக்கப்பட, தண்டு முறுக்கிக்கொள்கிறது. ஈரத்துணியை இரு கைகளால் பிழியும்போது துணி எதிர்ப்பதுபோல, முறுக்கப்பட்ட எஃகு எதிர்த்து நிற்கிறது. அந்த எதிர்ப்பே சாய்வைக் குறைக்கிறது.

முறுக்கத்தை எதிர்க்கும் ஆற்றல் தண்டின் விட்டத்தைப் பொறுத்தது. அதுவும் சாதாரணமாக அன்று. விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப வளர்கிறது. எளிதாகக் கூறினால், 20 மில்லிமீட்டர் தண்டுக்கு மாறாக, அதே வடிவில் 22 மில்லிமீட்டர் தண்டு இருந்தால், பார்வைக்கு வேறுபாடு இரண்டே மில்லிமீட்டர். விறைப்போ ஏறத்தாழ 46 விழுக்காடு மிகுதி. 1.1 என்பதை நான்கு முறை தன்னோடு பெருக்கிப் பாருங்கள், 1.46 வரும். பள்ளியில் பயின்ற அடுக்குக் கணக்கு வண்டியின் அடியில் படுத்திருக்கும்போதும் துணைக்கு வருகிறது என்பதற்கு இது ஒரு சான்று. ‘தடித்தது கிடைத்தது, போட்டுவிடுவோம்’ என்று எண்ணுவது எவ்வளவு பெரிய மாற்றத்தை உண்டாக்கும் என்பதும் இதனால் விளங்கும்.

இப்போது புஷ்ஷுக்கு வருவோம். புஷ்ஷுக்கு இரண்டு கடமைகள். தண்டு சுழல இடம்கொடுக்க வேண்டும். ஆனால் இடம்பெயர விடலாகாது. ரப்பர் தேய்ந்து, தண்டுக்கும் கிளாம்புக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி விழுந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். வளைவில் வண்டி சாயத் தொடங்கியதும் தண்டு உடனே முறுக்கிக்கொள்ளாது. முதலில் அந்த இடைவெளிக்குள் நகரும். அதுவரை சாய்வைத் தடுப்பார் இல்லை. இடைவெளி தீர்ந்தவுடன் இரும்பு இரும்பில் மோதும். பிறகே தண்டு வேலை செய்யத் தொடங்கும். நீங்கள் கேட்கும் ‘டக்’ என்ற ஓசை அந்த மோதலே. சத்தம் வேறு, பழுது வேறு. வண்டி எதிர்ப்பின்றிச் சாயும் அந்த நொடிப்பொழுதே உண்மையான பழுது.

கொல்லிமலையை எண்ணிப் பாருங்கள். நாமக்கல் மாவட்டத்தில் உள்ள அம்மலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அன்னாசியையும் பலாவையும் உயரமாக அடுக்கிக்கொண்டு ஒரு பிக்கப் அப்பாதையில் இறங்குகிறது. இடப்பக்கம் ஒரு வளைவு, உடனே வலப்பக்கம் ஒரு வளைவு. சமவெளியின் நேர்ச்சாலையில், தண்டு இல்லாத வண்டியும் உள்ள வண்டியும் ஒன்றுபோலவே ஓடும். ‘கழற்றிவிட்டால் என்ன? வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது?’ என்று சொல்பவர்கள் அந்த நேர்ச்சாலையை மட்டும் கண்டவர்கள். எழுபது வளைவுகளும் வேறு விடை கூறும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் கூற வேண்டும். சமநிலைத் தண்டு நன்றாக இருந்தால் எவ்வளவும் ஏற்றலாம் என்று எவரும் கருதிவிடலாகாது. அளவுக்கு மீறிய பாரத்தையும், உயரமாக அடுக்கிய பாரத்தையும் எந்தத் தண்டும் காப்பாற்றாது. திருமணத்துக்கும் கூலி வேலைக்கும் நம் மக்களைச் சரக்கு வண்டியின் பின்னே நிற்கவைத்து ஏற்றிச் செல்லும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அது சட்டத்துக்குப் புறம்பானது. அதனினும் மேலாக உயிருக்கு ஆபத்தானது. நிற்கும் மனிதர்கள் வளைவில் ஒரே பக்கமாகச் சாயும்போது, வண்டியும் அவர்களோடு சாய்கிறது. மெக்கானிக் ஆகப்போகும் நீங்கள் உங்கள் ஊரில் இதனை எடுத்துச் சொல்லும் தகுதி உடையவர்கள். ஏனெனில் உங்களுக்குக் காரணம் தெரியும்.

ரப்பர் ஏன் கெடுகிறது?

மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் வெடிக்கும். அதனைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் உறுதிப்படும் என்பதை 1839ஆம் ஆண்டில் சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். அந்தக் கண்டுபிடிப்பின் பயனாகவே இன்று வண்டிகளில் இத்தனை ரப்பர் பாகங்கள் இடம்பெற்றுள்ளன. எனினும், உறுதிப்படுத்தப்பட்ட ரப்பருக்கும் ஆயுள் உண்டு. வெப்பமும், காற்றில் உள்ள ஓசோனும் அதனை நாளடைவில் இறுகச் செய்து வெடிப்பு விழ வைக்கின்றன. சாலைப் புழுதியும் மணலும் தண்டுக்கும் ரப்பருக்கும் இடையே புகுந்து, உப்புத்தாள்போல இரண்டையும் தேய்க்கின்றன. எஞ்சின் எண்ணெயும் ஸ்டியரிங் எண்ணெயும் சொட்டினால் இயற்கை ரப்பர் ஊதிப் பொதுபொதுவென்று ஆகிவிடும்.

ஆதலின், பழைய புஷ்ஷைக் கழற்றியதும் குப்பையில் எறிந்துவிடாதீர்கள். அதனைக் கையில் எடுத்துப் பாருங்கள். காய்ந்து வெடித்திருந்தால் வயது காரணம். எண்ணெயில் ஊறி ஊதியிருந்தால், மேலே எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். அந்தக் கசிவை நிறுத்தாமல் புதிய புஷ் போட்டால், அதுவும் அவ்வாறே கெடும்.

நோயறிந்த பின்னரே மருந்து

முன்புறத்தில் சத்தம் என்றவுடன் புஷ்தான் என்று முடிவு கட்டிவிடலாகாது. பால் ஜாயிண்ட் தளர்ந்தாலும், டை ராட் எண்டு தேய்ந்தாலும், ஷாக் அப்சார்பரின் பிடிப்பு விட்டுப்போனாலும் இதேபோன்ற ஓசை எழும். இவற்றுள் பால் ஜாயிண்டும் டை ராடும் புஷ்ஷைக் காட்டிலும் ஆபத்தானவை. அவை கழன்றால் சக்கரமே நம் வசத்தில் இராது. ஆகவே, அவற்றை முதலில் சோதித்து, நலமாக உள்ளன என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பின்னர் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கைபிரேக்கை இழுத்துவிட்டு, தண்டைப் புஷ்ஷுக்கு அருகில் கையால் பற்றி மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள தண்டு கையின் வலுவுக்கு எளிதில் அசைந்து ஓசை தராது. கிளாம்புக்குள் அது ஆடினாலோ, ரப்பர் பிதுங்கி வெளியே வந்திருந்தாலோ, தண்டைச் சுற்றி வெளிச்சம் தெரிந்தாலோ புஷ் தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். ஒரே பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது சத்தம் மிகுந்து, இரு சக்கரமும் சேர்ந்து வேகத்தடையில் ஏறும்போது சத்தம் குறைந்தால், அதுவும் இத்தண்டையே சுட்டிக்காட்டும் அறிகுறி. ஏன் என்பதை இப்போது நீங்களே கூறிவிடுவீர்கள்.

லிங்க் இணைப்புகளையும் அவ்வாறே பாருங்கள். சில வண்டிகளில் நீண்ட போல்ட் ஒன்றில் வாஷரும் ரப்பரும் மாறிமாறிக் கோக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் சிறிய பால் ஜாயிண்டோடு கூடிய லிங்க் இருக்கும். நடுப்புஷ்ஷை மாற்றிவிட்டுத் தேய்ந்த லிங்கை விட்டுவைத்தால் பாதி வேலையே முடிந்ததாகும்.

கழற்றும் முறை

உயிருக்குரிய விதியை முதலில் கூறுகிறேன். ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அன்று. ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டியின் அடியில் நுழையலாகாது. செங்கல்லையும் சிமெண்டுக் கல்லையும் முட்டுக்கொடுக்கலாகாது. அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, சேசிஸின் அடியில் இருபுறமும் உறுதியான ஸ்டாண்டுகளை நிறுத்திய பிறகே உள்ளே செல்ல வேண்டும். பிக்கப் வண்டி தரையிலிருந்து உயரமாக இருப்பதால், பல வண்டிகளில் தூக்காமலேயே இவ்வேலையைச் செய்ய இயலும். இயலுமாயின் அதுவே நன்று.

தூக்க நேர்ந்தால் இருபுறமும் சமமாகத் தூக்க வேண்டும். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினால் என்ன ஆகும்? ஒரு முனை தாழ்ந்து மறுமுனை உயர்ந்து, தண்டு முறுக்கிக்கொண்டு நிற்கும். அந்நிலையில் போல்ட்டைக் கழற்றினால், அடக்கிவைத்த முறுக்கம் ஒரே கணத்தில் விடுபட்டுத் தண்டு துள்ளும். விரல் போவதற்கு அது போதும். இரு சக்கரமும் ஒரே உயரத்தில் இருந்தால், தண்டு தளர்ந்து அமைதியாக இருக்கும்.

பழைய வண்டியில் போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கும். கம்பிப் பிரஷால் மரையைத் துலக்கி, துரு இளக்கும் எண்ணெயை முந்தைய நாள் மாலையிலேயே இட்டு வையுங்கள். வாய் விரிந்த ஸ்பேனரால் முரட்டுத்தனமாகத் திருப்பினால் போல்ட்டின் தலை மழுங்கும். ஆறு முகமுள்ள பாக்ஸ் ஸ்பேனரோ ரிங் ஸ்பேனரோ கொண்டு, சற்றே கழற்றுவதும் சற்றே இறுக்குவதுமாக மெல்ல அசைத்தால், மரை வழிவிடும். பொறுமையற்றவன் போல்ட்டை முறித்துவிட்டு, சேசிஸுக்குள் சிக்கிய துண்டைத் துளையிட்டு எடுக்க அரைநாளைச் செலவிடுகிறான்.

கிளாம்பை எடுக்குமுன், எது இடம், எது வலம், எந்தப் பக்கம் முன்புறம் என்று சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். புஷ்ஷில் நீளவாக்கில் ஒரு பிளவு இருக்கும். தண்டின் மேல் விரித்து நுழைப்பதற்காக அவ்வாறு செய்திருக்கிறார்கள். அப்பிளவு எத்திசை நோக்கி இருந்தது என்பதையும் குறித்துவையுங்கள். லிங்க் போல்ட்டைக் கழற்றினால், வாஷர், ரப்பர், குழாய் ஆகியவற்றைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு துணியின் மேல் அடுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதும் முடித்துவிட்டு மறுபக்கத்தைத் தொடுவது நல்லது. ஐயம் ஏற்பட்டால் கழற்றாத பக்கம் பாடப் புத்தகமாக நிற்கும்.

அளவும் தேர்வும்

புதிய புஷ் வாங்குமுன் தண்டின் விட்டத்தை வெர்னியர் கொண்டு அளக்க வேண்டும். ‘இந்த வண்டிக்கு ஒரு செட் கொடுங்கள்’ என்று கடையில் கேட்பது போதாது. ஒரே பெயருள்ள வண்டியிலேயே ஆண்டுக்கும் வகைக்கும் ஏற்பத் தண்டின் விட்டம் மாறக்கூடும். துருவையும் பெயின்ட்டையும் நீக்கிவிட்டு, புஷ் அமரும் இடத்திலும், அதற்குச் சற்றுத் தள்ளித் தேயாத இடத்திலும் அளந்து ஒப்பிடுங்கள். புஷ் அமரும் இடத்தில் தண்டே பள்ளமாகத் தேய்ந்திருந்தால், புதிய புஷ்ஷும் தளர்வாகவே அமரும். தண்டை மாற்றுவதே அதற்கு வழி.

இங்கே சிலர் செய்யும் பெரும் பிழை ஒன்று உண்டு. தேய்ந்த பள்ளத்தை வெல்டிங்கால் நிரப்பி, அரைத்துச் சமப்படுத்திவிடுகிறார்கள். தண்டு சாதாரண இரும்பன்று. வெப்பப் பதமிட்ட ஸ்பிரிங் எஃகு. வெல்டிங்கின் வெப்பம் அந்தப் பதத்தைக் குலைத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு அங்கே தொடங்கி, ஆயிரக்கணக்கான முறுக்கல்களுக்குப் பின் ஒருநாள் தண்டு முறிந்துபோகும்.

ரப்பர் புஷ்ஷுக்கு மாறாக பாலியூரிதேன் புஷ்ஷும் கடைகளில் கிடைக்கிறது. அது கடினமானது, எண்ணெயைத் தாங்கும், நெடுநாள் உழைக்கும். ஆனால் சாலையின் அதிர்ச்சியைச் சற்று மிகுதியாக உள்ளே அனுப்பும். உரிய கிரீஸ் இடாவிட்டால் கிறீச்சிடும். நாள்தோறும் சரக்கேற்றும் வண்டிக்கு, நல்ல தரமான ரப்பர் புஷ்ஷே போதுமானது. எதனைத் தேர்ந்தாலும் இருபுறமும் ஒரே வகையாக, ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். ஒருபுறம் புதியதும் மறுபுறம் தேய்ந்ததுமாக இருந்தால், தண்டு ஒருபுறம் உடனேயும் மறுபுறம் தாமதமாகவும் பிடிக்கும்.

பொருத்தும் முறை

தண்டில் புஷ் அமரும் இடத்தைக் கம்பிப் பிரஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்து, துணியால் துடைத்து வழுவழுப்பாக்குங்கள். துருவின் மேல் அமர்த்திய புதிய ரப்பர் விரைவில் தேயும். கிளாம்பின் உட்புறத்தையும் அவ்வாறே துலக்குங்கள்.

ரப்பர் புஷ் எளிதில் ஏற வேண்டுமென்று சாதாரண கிரீஸையோ எஞ்சின் எண்ணெயையோ தடவலாகாது. எண்ணெய் ரப்பருக்குப் பகை என்பதை முன்னரே கண்டோம். சோப்பு நீர் போதும். அது காய்ந்துவிடும், ரப்பரும் தண்டைப் பற்றிக்கொள்ளும். பாலியூரிதேனாக இருந்தால், அதனோடு வரும் கிரீஸையோ சிலிக்கோன் கிரீஸையோ உட்புறத்தில் தடவ வேண்டும்.

புஷ்ஷை விரித்துத் தண்டில் நுழைத்து, நீங்கள் குறித்துவைத்த திசையிலேயே பிளவு அமையுமாறு திருப்புங்கள். பல வண்டிகளில் பிளவு முன்புறம் நோக்கி இருக்கும்; எனினும் அந்த வண்டியின் கையேடு கூறுவதே முடிவானது. தண்டு இடப்புறமும் வலப்புறமும் சம அளவில் நீண்டிருக்கிறதா என்று டேப்பால் அளந்து நடுப்படுத்துங்கள். பிறகு கிளாம்பை வைத்து, எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் கையாலேயே முடுக்குங்கள். கையால் முடுக்கும்போது மரை தவறிப்போனால் விரலுக்குத் தெரியும், ஸ்பேனருக்குத் தெரியாது.

பழைய போல்ட் கெட்டிருந்தால், கையில் கிடைத்த ஒன்றைப் போட்டுவிடாதீர்கள். போல்ட்டின் தலையில் 8.8 போன்ற எண் பொறிக்கப்பட்டிருக்கும். அது அலங்காரத்துக்காக அன்று. முதல் எண்ணை நூறால் பெருக்கினால் 800. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை இழுவிசையைத் தாங்கும் என்பது பொருள். இரண்டாம் எண், அதில் பத்தில் எட்டுப் பங்கு, அதாவது 640 நியூட்டன் வரை நிலையாக நீளாமல் இருக்கும் என்பதைக் குறிக்கும். 4.6 என்று பொறித்த போல்ட்டின் வலு 400 மட்டுமே. இரண்டும் ஒரே பருமன், ஒரே மரை, ஒரே தோற்றம். வலுவில் ஒன்று மற்றொன்றில் பாதி. எழுத்தறிவு என்பது இதனைப் படிப்பதும்தான். நைலான் வளையமுள்ள நட்டாக இருந்தால், கழற்றியதைத் திரும்பப் போடாமல் புதியதைப் போட வேண்டும்.

இறுதி இறுக்கத்தை, வண்டி தன் சக்கரங்களின் மேல் தன் எடையோடு நிற்கும்போதே செய்ய வேண்டும். ஏனென்றால், ரப்பர் தண்டைப் பற்றிக்கொள்வதால், தண்டு சுழலும்போது ரப்பரும் சற்று முறுக்கிக்கொள்கிறது. சக்கரங்கள் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், வண்டி தரையிறங்கியதும் ரப்பர் எந்நேரமும் முறுக்கப்பட்ட நிலையிலேயே இருந்து, விரைவில் கிழியும். லிங்க் ரப்பருக்கும் இவ்விதியே பொருந்தும்.

எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை அந்த வண்டியின் கையேட்டில் பார்த்து, டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். ஸ்பேனரின் முனையில் பைப்பைச் செருகி, உடல் வலுவனைத்தையும் காட்டுவது திறமையன்று; மரையை இழுத்துவிடும். முறையாக இறுக்கிய பின் கிளாம்பின் இரு காதுகளும் சேசிஸின் மேல் ஒட்டி அமர்ந்திருக்க வேண்டும். இடைவெளி தெரிந்தால், புஷ் அளவில் பெரியது, அல்லது கோணலாக அமர்ந்துள்ளது. கழற்றிப் பார்க்க வேண்டும். மேலும் இறுக்கி மறைக்கலாகாது.

வேலை முடிந்ததா?

முதலில் ஆளில்லாத சாலையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்குமாறு செய்து, காது கொடுத்துக் கேளுங்கள். திரும்ப வந்து, குனிந்து, புஷ் இடம்விட்டு நகர்ந்துள்ளதா என்றும், தண்டு பிரேக் ஹோஸிலோ வேறெதிலோ உரசுகிறதா என்றும் பாருங்கள். சில நாட்கள் ஓடிய பின் வண்டியை மீண்டும் கொண்டுவருமாறு கூறி, போல்ட்டுகளின் இறுக்கத்தைச் சரிபாருங்கள். பழைய புஷ்ஷை வண்டிக்காரரிடம் காட்டுங்கள். எது தேய்ந்தது, ஏன் தேய்ந்தது, எவ்வளவு செலவாயிற்று என்று விளக்குங்கள். விளக்கத் தெரிந்த மெக்கானிக்கை மக்கள் தேடி வருவார்கள்.

‘குறைந்த செலவில் முடித்துக் கொடு’ என்று வண்டிக்காரர் கேட்பார். அவரும் தவணை கட்டி வண்டி ஓட்டுபவரே. அவரைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால், ட்யூபைச் சுற்றி அடைத்தால் அது சில நாட்களில் நைந்து வெளியேறும். இடையில் புகுந்த மணல் தண்டையே அரித்துவிடும். அப்போது புஷ்ஷோடு தண்டின் விலையையும் அவர் கொடுக்க வேண்டிவரும். மலிவான வேலை எது என்பதை அவருக்குக் கணக்கிட்டுக் காட்டும் கடமை உங்களுடையது. அதன் பின்னும் அவர் தண்டைக் கழற்றிவிடுமாறு கேட்டால், மறுத்துவிடுங்கள். மறுக்கும் உரிமை, காரணம் அறிந்தவனுக்கு உண்டு.

அருமை இளைஞர்களே! பட்டறையில் எடுபிடியாகச் சேரும் பையனுக்கு, ‘அதை இறுக்கு, இதைக் கழற்று’ என்ற கட்டளைகள் மட்டுமே கிடைக்கும். கைகள் அவனுடையவை; காரணம் பிறருடையது. காரணமும் அவனுடையதாகும் நாளில்தான் அவன் தொழிலாளி என்ற பெயருக்கு முழுமையாக உரியவனாகிறான். ஐ.டி.ஐ.யில் இடம் கிடைத்தவர்கள் அதனை நழுவவிடாதீர்கள். 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தின்படி, பெரிய தொழிற்கூடங்களில் உதவித்தொகையோடு பயிற்சி பெறவும் வழியிருக்கிறது, விசாரித்து விண்ணப்பியுங்கள். பட்டறையிலேயே வேலை பழகுகிறவர்கள், ஒரு வெர்னியரும் ஒரு குறிப்பேடும் வாங்கிக்கொள்ளுங்கள். அன்றன்று செய்த வேலையையும், அளந்த அளவையும், கெட்டதன் காரணத்தையும் இரவில் எழுதிவையுங்கள். ஓராண்டில் அக்குறிப்பேடு உங்களுக்கு ஓர் ஆசானாகும்.

மூத்தோர்களிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளை பட்டறைக்குப் போகிறான் என்றால், ‘படிப்பு வரவில்லை, அதனால் போகிறான்’ என்று கூறாதீர்கள். நான்காம் அடுக்குக் கணக்கும், எஃகின் பதமும், ரப்பரின் இயல்பும் அங்கே இருக்கின்றன. அதுவும் படிப்பே.

நாளை உங்கள் கையால் புஷ் மாற்றிய வண்டி ஏதோ ஒரு மலைப்பாதையில் இறங்கும். அதன் ஓட்டுநருக்கு உங்கள் பெயர் தெரியாது. வளைவில் வண்டி அளவோடு சாய்ந்து நிமிரும். அவர் அதனைக் கவனிக்கக்கூட மாட்டார். அவர் கவனிக்காமல் வீடு போய்ச் சேர்வதே உங்கள் வேலைக்குரிய சான்றிதழ்.